மின்னேடு காப்போர்

பொருளீட்டுதற்பொருட்டுச் செய்யும் தொழில் ஒன்று. உள்ளம் விரும்பிச் செய்யும் பணி மற்றொன்று. இவ்விரண்டும் ஒருவர்க்கு ஒன்றாகவே அமைதல் அரிது. ஆதலின், மக்களிற் பலர் பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்து, மாலையில் வீடு திரும்பியபின் தமக்கென ஒரு பணியை மேற்கொள்கின்றனர். ஒருவர் கொல்லையில் மல்லிகைப் பந்தர் இடுவார். ஒருவர் வீணை பயில்வார். ஒருவர் அஞ்சல் தலைகளைத் திரட்டி ஒட்டிவைப்பார். கணினியும் இணையமும் வந்தபின் இவ்வரிசையில் மேலும் ஒரு பணி வந்து சேர்ந்தது. இணையத்தில் தமக்கென ஓர் இடம் அமைத்துக்கொண்டு, தாம் அறிந்தவற்றையும் தொகுத்தவற்றையும் உலகத்தார் காண அங்கே வைத்து, இடையறாது பேணிவருதலே அப்பணியாகும்.

தோட்டம் இடுவார் அறிந்த உண்மை ஒன்று தளம் நடத்துவார்க்கும் பொருந்தும். நட்டதனால் மட்டும் செடி நிற்பதில்லை. நீர் பாய்ச்சவேண்டும், களை எடுக்கவேண்டும். வலைத்தளமும் அத்தகையதே. பழைய செய்தியை நீக்கிப் புதியதை ஏற்றவேண்டும். பிழையெனத் தெரிந்ததைத் திருத்தவேண்டும். பிறர் தளத்திற்கு இட்டிருந்த இணைப்பு அறுந்துபோயின் வேறு தேடி இடவேண்டும். தளத்தின் பெயருக்கும் அஃது இருக்கும் இடத்திற்கும் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தவேண்டும். முதல் நாள் எழுச்சியில் தளம் தொடங்கினோர் எண்ணற்றவர். பத்தாம் ஆண்டிலும் அதனைப் பேணினோர் சிலரே.

சுவிட்சர்லாந்து நாட்டில் ஜினீவா நகரின் அருகே ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்குப் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் 1989-ஆம் ஆண்டில் வையவிரிவலைக்குத் திட்டம் வகுத்தார். உலகின் முதல் வலைத்தளம் அந்நிலையத்துக் கணினி ஒன்றிலேயே பிறந்தது. 1991-இல் வெளியுலகிற்கு அறிவிக்கப்பட்டது. 1993 ஏப்பிரல் 30-ஆம் நாள் அந்நிலையத்தார் அம்மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவாக்கிவிட்டனர். ஊர்ப் பொதுக்குளத்தில் யாவரும் நீர் முகந்துகொள்வதுபோல் அன்று முதல் யாவரும் வலையைப் பயன்கொண்டனர். அம்முடிவு வேறாயிருப்பின், எளிய மனிதர் வீட்டிலிருந்தபடியே தளம் நடத்துதல் இத்துணை விரைவிற் பரவியிராது.

அதற்கு அடுத்த ஆண்டில், அமெரிக்காவில் ஜியோசிட்டிஸ் என்னும் நிறுவனம் தோன்றியது. தளம் அமைக்க விரும்புவார்க்கு அஃது இலவசமாக இடம் கொடுத்தது. ஊரில் பேட்டைகள் இருத்தல்போலத் தளங்களைப் பொருள் நோக்கிப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் மனை எண்ணும் தந்தனர். கணினி நூல் கற்றறியாத மாணவரும் முதியோரும்கூட அங்கே குடியேறினர். 1999-இல் யாகூ நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. 2009 அக்டோபர் 26-ஆம் நாள் அமெரிக்காவில் அதனை மூடிவிட்டது. தன்னார்வலர் சிலரும் இணைய ஆவணக் காப்பகத்தாரும் இயன்ற மட்டும் படியெடுத்துக் காத்தனர். காவாதன மறைந்தன. அவை வெறும் பொழுதுபோக்குப் பக்கங்கள்தாமே என்று கூறுவாரும் உளர். ஒரு காலத்து மக்கள் எவற்றை விரும்பினர், எவ்வாறு பேசினர் என்பதைப் பிற்காலத்தார் அத்தகைய பக்கங்களைக் கொண்டே அறிவர் என்பதை அவர் எண்ணிப் பார்த்திலர்.

ஜினீவா நகரம் ஜினீவா ஏரியின் ஒரு முனையில் இருக்கிறது. அவ்வேரியின் வடகரையில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், லோசான் என்னும் நகரம் உள்ளது. அங்குள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் ஒளிவேதியியல் ஆராய்ச்சி செய்துவந்தவர் முனைவர் கல்யாணசுந்தரம் என்னும் தமிழர். அவர் தொழில் வேதியியல். அவர் உள்ளம் விரும்பிய பணியோ தமிழ். கணினியில் தமிழ் எழுதுதற்கு உதவும் ‘மயிலை’ என்னும் எழுத்துருவை அவர் அமைத்து, விலையின்றி யாவர்க்கும் வழங்கினார். 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் அவர் தலைமையில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்ச்சுனன் துணைத்தலைவராயினார். தமிழ் நூல்களை மின்னூலாக்கி இணையத்தில் இலவசமாக வைத்தலே அத்திட்டத்தின் நோக்கம். ஆங்கிலத்திற்கு அத்தகைய பணியை அமெரிக்கராகிய மைக்கேல் ஹார்ட் 1971-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாளிலேயே ‘குட்டன்பர்க் திட்டம்’ என்னும் பெயரில் தொடங்கியிருந்தார்.

மதுரைத் திட்டத்திற்கு மாளிகையும் இல்லை. ஊதியம் பெறும் எழுத்தரும் இல்லை. வெவ்வேறு நாடுகளில் வாழும் தமிழர்களே அதன் பணியாளர். ஒருவர் தம் வீட்டிலிருந்தபடியே அச்சுநூலைப் பார்த்துத் தட்டச்சுச் செய்வார். மற்றொருவர் வேறொரு நாட்டில் அமர்ந்து அதனை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை களைவார். பின்னர் அது வலைப்பக்கமாக்கப்பட்டு, எண் இடப்பெற்றுத் தளத்தில் ஏறும். ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே ஒரு நூலை முடித்தல் இயலும். அவ்வரிசையில் முதல் எண் பெற்ற நூல் திருக்குறள்.

நூலை ஏற்றிவிட்டதோடு பணி முடிந்துவிடவில்லை. அதன் காரணத்தை அறிதற்கு, கணினி எழுத்தை எவ்வாறு நினைவிற் கொள்கிறது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும். கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்ணே தெரியும். ஒவ்வோர் எழுத்திற்கும் ஓர் எண் குறித்து வைக்கின்றனர். அக்காலத்து முறையில் இடங்கள் மொத்தம் 256. அவற்றில் முதற்பாதி ஆங்கிலத்திற்கும் பிற குறிகளுக்கும் உரியது. எஞ்சிய 128 இடங்களில் தமிழை அமைக்கவேண்டும். தமிழ் எழுத்துக்களோ 247. ஆகவே கொம்பையும் காலையும் தனித்தனி உறுப்பாக்கி, அவற்றை ஒட்டி உயிர்மெய்யை உருவாக்கினர். எவ்வுறுப்பு எவ்விடத்தில் அமையவேண்டும் என்பதில் அனைவரும் ஏற்ற விதி அந்நாளில் இல்லை. எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தாம் வேண்டியவாறு அமைத்தனர். அதனால் ஒருவர் ஓர் எழுத்துருவில் எழுதியதை, அவ்வெழுத்துரு இல்லாதவர் தம் கணினியில் திறப்பின், தமிழ் தோன்றாது. பொருளற்ற குறிகளே திரை நிறையத் தோன்றும். நூல் அங்கேயே இருக்கும், படிக்கத்தான் முடியாது.

இக்குறை தீரப் பல நாட்டுத் தமிழரும் மின்னஞ்சல் வழியே கலந்து பேசி, இணையத்திற்கென ஒரு பொதுக்குறியீட்டை வகுத்தனர். அதற்குத் தஸ்கி என்று பெயர். 1999 முதல் மதுரைத் திட்டத்து நூல்கள் அக்குறியீட்டில் வெளிவரலாயின. அதுவும் இறுதி நிலை அன்று. உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி எண் தரும் ஒருங்குறி என்னும் முறை 1991-இலேயே வெளியாகித் தமிழுக்கும் இடம் தந்திருந்தது. எனினும் மக்கள் வழங்கும் கணினிகள் அதனை ஏற்றுக் காட்டுதற்குச் சில ஆண்டுகள் சென்றன. 2003 முதல் மதுரைத் திட்டம் ஒருங்குறியிலும் நூல்களை வெளியிட்டது.

இம்மாற்றம் எண்ணுக்கு எண் மாற்றுவதோடு முடிவதன்று. ‘கொ’ என்னும் எழுத்தைக் கொள்க. தஸ்கியில் கண்ணுக்குத் தோன்றும் முறையே கொம்பு, ககரம், கால் என மூன்று உறுப்பாக அது வைக்கப்பெற்றிருக்கும். ஒருங்குறியிலோ ககரம் முன்னும் ஒகரத்தின் குறி பின்னுமாக, ஒலிக்கும் முறையில் வைக்கப்பெறும். ஆகவே கொம்பு வரும் இடந்தோறும் வரிசையையே மாற்றுதல் வேண்டும். இலக்கணம் கற்றோர்க்கு இதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிப்பதே உயிர்மெய் என்னும் பழைய விதிக்குக் கணினியும் வந்து சேர்ந்தது.

ஓலைச்சுவடியின் வரலாறு அறிந்தார்க்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது. கரையானும் பூச்சியும் ஈரமும் ஓலையை நெடுங்காலம் நிற்கவிடா. ஏடு முதிர்ந்தபோதெல்லாம் எவரோ ஒருவர் புத்தோலை வாரி, எழுத்தாணி கொண்டு, பழையதைப் பார்த்து எழுதினார். அவ்வாறு பெயர்த்து எழுதப்பெற்ற நூல்களே சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோர் கைக்கு வந்து அச்சேறின. 1887-இல் பிள்ளையவர்கள் கலித்தொகையையும் ஐயரவர்கள் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தனர். இடையில் ஒரு தலைமுறையினர் எழுதாது விட்டிருப்பின், அவர்கள் தேடிய ஏடு கிடைத்திராது. ஏட்டுக்கு நூற்றாண்டுகளிற் கழிந்த முதுமை மின்னேட்டுக்கு ஐந்தாண்டிலேயே வந்துவிட்டது என்பதே வேற்றுமை. கரையான் அரிக்காமலும் ஈரம் படாமலும் நூல் அழியக்கூடும் என்பதை முன்னோர் நினைத்திருக்கமாட்டார்.

‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்னும் பழமொழியும் கணினிக்குப் பொருந்தியே வருகிறது. ஓலையில் ரகரத்தையும் காலையும் வேறுபாடின்றி எழுதினர். இன்னது ரகரம், இன்னது கால் எனத் தெளிவதற்குப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு பெரிது. தட்டச்சுச் செய்வோரும் கால் இடவேண்டிய இடத்தில் ரகரத்தை இட்டுவிடுவதுண்டு. இதனினும் நுட்பமான பிழை ஒன்று உளது. ‘ஔவை’ என எழுதுங்கால், ஔகாரத்தை ஓரெழுத்தாக இடாது, ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுவோர் பலர். ‘ஒளவை’ என்னும் அதனைத் திரையிற் காணும் கண்ணுக்குப் பெரும்பாலும் வேறுபாடு தோன்றாது. கணினிக்கோ அது வேறு சொல். ஔவையார் பெயர் எங்கெங்கு வருகிறது என ஒரு மாணவர் தேடினால், அவ்விடம் அவர்க்கு அகப்படாமலே போகும். இத்தகைய பிழையை நிரல் கொண்டு ஓரளவு பிடிக்கலாம். எனினும் ‘ஒளி’ என்னும் சொல்லில் ஒகரமும் ளகரமும் முறையாகவே நிற்கின்றன அன்றோ? எது பிழை, எது சரி என்பதைத் தமிழ் அறிந்த ஒருவர் அமர்ந்து பார்த்தே தீரவேண்டும். அவ்வாறு பார்ப்பவர் பெறும் ஊதியம் யாதும் இல்லை. நூலை ஏற்றியபோது கிடைக்கும் பாராட்டுக்கூடத் திருத்தியபோது கிடைப்பதில்லை. எழுத்து மாறியதை எவரும் அறியார்.

தளத்தைப் பேணுவார் ஒருவர் ஓய்ந்தால் அதன் கதி யாது என்னும் வினா ஒவ்வொரு தனித்தளத்திற்கும் உண்டு. 1990-களில் தமிழர் பலர் ஆர்வத்தோடு தொடங்கிய தளங்களிற் பல, கட்டணம் செலுத்துவார் இன்றியும், பழைய எழுத்துருவை மாற்றுவார் இன்றியும் மறைந்தன. இவ்வினாவிற்கு மதுரைத் திட்டத்தார் தொடக்கத்திலேயே ஒரு விடை கண்டனர். நூல்களைத் தம் தளத்திற்குள் பூட்டி வையாது, எவரும் இறக்கிக்கொள்ளலாம், படியெடுக்கலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்று விட்டனர். ஒரு படி போயினும் மற்றொரு படி எவர் வீட்டிலேனும் இருக்கும். சுவடியைப் பிறர்க்குக் காட்டவும் மறுத்து வீட்டிலேயே மடியவிட்டவர்களை எண்ணிப் பார்ப்பின் இவ்வுரிமையின் அருமை விளங்கும்.

அவ்வுரிமையோடு ஒரு நிபந்தனை மட்டும் வைத்தனர். மின்னூலின் முகப்பில் உள்ள குறிப்புப் பகுதியை நீக்காமலே வழங்குதல் வேண்டும். இன்னார் தட்டச்சுச் செய்தார், இன்னார் மெய்ப்புப் பார்த்தார் என அப்பகுதியில் சிறு எழுத்தில் இரண்டொரு பெயர்கள் காணப்படும். அதன்கீழ் நூல் தொடங்கும்.