காற்றே கைப்பிடியாக: கடைச்சல் யந்திரத்திற்கு ஓர் எளிய வெற்றிடப் பிடி

நாம் பௌதிக வகுப்பில் கற்கும் உண்மைகளுட் பல பரீட்சை முடிந்த மறுநாளே நம்மை விட்டு அகல்கின்றன. அவற்றைக் கையாற் செய்து கண்டிலேம் என்பதே அதற்குக் காரணமாம். வளிமண்டலம் நம்மை எப்பொழுதும் அழுத்திக்கொண்டிருக்கின்றது என்பதை அறியாதார் யார்? ஆயினும், அவ்வழுத்தத்தைக் கொண்டு ஒரு மரக்கிண்ணத்தை இறுகப் பிடிக்கலாம் என்று கேட்பின், நம்முட் பலர் வியப்புறுவர். அங்ஙனம் பிடிக்கும் ஒரு கருவியை நம் வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

கடைச்சல் தொழில் நமக்குப் புதியதன்று. தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரத்தில் மஞ்சட் கடம்பு முதலிய மரங்களைக் கடைந்து, சுழலும் பொழுதே அரக்குக் கோலை அதன்மீது அழுத்தி, உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகிப் படியுமாறு வண்ணந் தீட்டும் செப்புச் சாமான்கள் நெடுங்காலமாகப் பெயர்பெற்றவை. மைசூர் நாட்டுச் சென்னபட்டணத்துப் பொம்மைகளும் இவ்வகையினவே. இச்சிறு பொருள்களைச் செய்வோர் மரத்துண்டின் ஒரு முனையை யந்திரத்தின் பிடியில் இறுக்கி, மறுமுனையிலே பொருளைக் கடைந்து, ஈற்றில் அறுத்தெடுக்கின்றனர். சிறு செப்புக்கு இம்முறையே போதும். அகன்ற கிண்ணம் அல்லது தட்டு ஒன்றைக் கடைவார்க்கோ வேறொரு தொல்லை உண்டு. உட்புறம் கடையும்பொழுது அடிப்புறத்தைப் பிடிக்கின்றோம். அவ்வடிப்புறத்தைக் கடைய வேண்டின் எதனைப் பிடிப்பது? திருகாணி தைத்த துளைகளும், பிடியின் பற்கள் பதிந்த வடுவும் அடியிலே நின்றுவிடுகின்றன.

இத்தொல்லை எனக்கு நேர்ந்தது ஒரு பலா மரத்தால். 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபொழுது, கடலில் எத்தனையோ உயிர்கள் மாண்டன. கரையிலே எண்ணிறந்த மரங்கள் வேரோடு சாய்ந்தன. எங்கள் பாட்டியார் தம் கையால் நட்டு வளர்த்த பலாவும் அவற்றுள் ஒன்று. அம்மரத்தின் அடித்துண்டைச் சில ஆண்டுகள் நிழலில் உலர்த்தி வைத்திருந்தேன். உடன்பிறந்தார் நால்வருக்கும் ஆளுக்கொரு கிண்ணம் செய்து கொடுத்தல் வேண்டும் என்பது என் எண்ணம். துண்டோ நான்கு கிண்ணத்திற்கு மட்டுமே போதியது. ஒன்று கெடினும் ஈடு செய்ய வேறு மரம் இல்லை. ஆதலின் அடிப்புறத்தை வடுவின்றி முடிக்கும் வழியைத் தேடினேன்.

தத்துவம்

1643ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி, வளியின் அழுத்தம் 76 செ.மீ. உயரமுள்ள பாதரசத்தைத் தாங்கும் என்று காட்டினார். இஃது ஒரு சதுர செ.மீ. பரப்பிற்கு 1.033 கிலோகிராம் எடையாகும். 1657இல் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரத்தில் ஆட்டோ வான் கெரிக் என்பார், ஒன்றோடொன்று பொருந்திய இரு செப்பு அரைக்கோளங்களின் உள்ளிருந்த காற்றை நீக்கியபொழுது, இருபாலும் பூட்டிய பதினாறு குதிரைகளாலும் அவற்றைப் பிரித்தல் அரிதாயிற்று. உள்ளிருந்து ஏதோ இழுத்தது என்பது பிழை. வெற்றிடத்திற்கு இழுக்கும் ஆற்றல் இல்லை. வெளிக்காற்றே இரு பாதிகளையும் நெருக்கிற்று.

நமது கருவியும் அதுவே. கிண்ணம் ஓர் அரைக்கோளம்; யந்திரத்தின் முகப்பிற் பொருத்திய உருளை மற்றொன்று. இரண்டிற்கும் இடையேயுள்ள காற்றைப் போக்கினால், வெளிக்காற்று கிண்ணத்தை உருளைமேல் அழுத்திப் பிடிக்கும்.

எவ்வளவு வலிமையுடன் பிடிக்கும் என்பதைக் கணக்கிடுவோம். உருளையின் விட்டம் 10 செ.மீ. எனின், பரப்பு 78.5 சதுர செ.மீ. உள்ளிருக்கும் காற்றில் நூற்றுக்கு 70 பங்கு நீக்கப்பட்டதெனக் கொண்டால், 78.5 × 1.033 × 0.7 = ஏறத்தாழ 57 கிலோகிராம். அதே அளவு காற்றை நீக்கினும் விட்டம் 5 செ.மீ. ஆயின், பிடி 14 கிலோகிராம் அளவே, 20 செ.மீ. ஆயின் 227 கிலோகிராம். விட்டம் இருமடங்காயின் வலிமை நான்கு மடங்காதலைக் காண்க. ஆதலின் சிறு கிண்ணத்திற்குப் பிடி போதாமையும், மெல்லிய அகன்ற தட்டிற்குப் பிடி மிகுதலும் ஆகிய இரண்டும் அஞ்சத்தக்கவை. இரண்டு குவிண்டாலுக்கு மேற்பட்ட சுமையைத் தாங்காது மெல்லிய தட்டு நடுவே வெடித்துவிடும்.

இன்னொன்று. கடல்மட்டத்தை ஒட்டிய நாஞ்சில் நாட்டில் முழு அழுத்தமும் நமக்குக் கிட்டுகின்றது. ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்திலுள்ள கோடைக்கானலிலோ பாதரசம் 59 செ.மீ. அளவே நிற்குமாதலின், அங்கே இக்கருவியின் பிடியும் அவ்வளவிற்குக் குறையும்.

இணைப்பின் சிக்கல்

உருளையோ சுழல்வது, காற்றை உறிஞ்சும் யந்திரமோ தரையில் நிற்பது. சுழலும் ஒன்றையும் நிற்கும் ஒன்றையும், குழாய் முறுக்கிக்கொள்ளாமலும், காற்று புகாமலும் இணைப்பது எங்ஙனம்? இதுவே இக்கருவியின் உயிர்நிலை. கடையில் விற்கும் இணைப்பு விலை மிக்கது. நாம் செய்வதோ ஒரு பேரிங்கும் சிறிது மரமும் கொண்டது.

யந்திரத்தின் தலைப்பகுதியிலுள்ள சுழல்தண்டு உள்துளை உடையதா என்பதை முதற்கண் பார்த்துக்கொள்க. துளையில்லாத் தண்டிற்கு இம்முறை பயன்படாது.

வேண்டும் பொருள்கள்

1. 608 எண்ணுடைய பேரிங் ஒன்று. இதன் உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., கனம் 7 மி.மீ. இருபுறமும் ரப்பர் மூடி உடையதாதல் வேண்டும். தகர மூடி உடையது காற்றை எளிதில் உள்ளே விடும்.
2. வெளிவிட்டம் 8 மி.மீ. உள்ள பித்தளைக் குழல், ஒரு சாண் நீளம்.
3. பூவரசு போன்ற நெருங்கிய இழையுள்ள மரத்துண்டுகள் இரண்டு. நைலான் கட்டை கிடைப்பின் இன்னும் நன்று.
4. அரால்டைட் பசை, கனத்த ரப்பர்க் குழாய், குழாய் மாட்டும் முனை, வெற்றிடமானி, காற்றுத் திறப்பான் ஒன்று, ஒருவழி அடைப்பான் ஒன்று.
5. காற்றை உறிஞ்சும் யந்திரம்.

இறுதியிற் கூறியதற்குப் பழைய குளிர்ப்பெட்டியின் கம்ப்ரஸரைச் சிலர் பயன்படுத்துகின்றனர். அது காற்றை நன்றாக நீக்கும், ஆனால் மெதுவாக நீக்கும், எண்ணெயும் கக்கும். வீட்டுத் தூசி உறிஞ்சியோ மிகுந்த காற்றை விரைந்து வாங்கும். ஆயினும் வளியழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வேறுபாட்டையே உண்டாக்கும். மேலும், ஓடும் காற்றே அதன் மோட்டாரைக் குளிர்விப்பதால், வாயடைத்து நெடுநேரம் ஓட்டின் வெந்துபோகும்.

செய்முறை

முதலாவது, சுழலும் அடைப்பு. ஒரு மரத்துண்டை லேத்தில் மாட்டி, நடுவே 8 மி.மீ. துளை இடுக. துளையை முன்னிட்டுப் பின்னரே வெளிப்புறத்தைக் கடைதல் வேண்டும்; இம்முறை மாறின் துளை நடுவில் அமையாது; பின்பு முழுவதும் ஆடும். வெளிப்புறத்தைச் சுழல்தண்டின் பின்வாயிற் செறிந்து அமருமாறு சிறிது கூம்பாகக் கடைக. வெளியே நிற்கும் முகத்தில் 11 மி.மீ. விட்டமுள்ள சிறு மேடு ஒன்றை விடுக. பேரிங்கின் உள்வளையம் இம்மேட்டின்மேல் மட்டும் அமரும். வெளிவளையம் மரத்தை உரசாது.

பித்தளைக் குழலை அளவாக அறுத்துப் பசையிட்டுத் துளையிற் செலுத்துக. அது மேட்டிற்கு வெளியே 10 மி.மீ. நீண்டிருக்கட்டும். பசை உலர்ந்தபின் பேரிங்கைக் குழலின்மேல் மாட்டி, உள்வளையத்திற்கு மட்டும் மிக மெல்லிய பசைப்பூச்சு இடுக. பசை ரப்பர் மூடியைத் தொட்டாற் பேரிங் கெட்டது என்க.

இரண்டாவது, நிற்கும் மூடி. மற்றத் துண்டிலே 22 மி.மீ. விட்டமும் 7 மி.மீ. ஆழமும் உள்ள குழி ஒன்றைக் கடைக. அதற்குள்ளே 19 மி.மீ. விட்டத்தில் இன்னும் 10 மி.மீ. ஆழம் செல்க. இவ்விரு விட்டங்களுக்கிடையே உண்டாகும் படியிலே பேரிங்கின் வெளிவளையம் அமரும். மூடியின் பின்புறத்தில் துளையிட்டுக் குழாய் முனையைப் பசையிட்டுப் பொருத்துக. குழியின் உட்புறம் முழுவதும் இருமுறை வார்னிஷ் பூசுதல் இன்றியமையாதது. மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று புகும்.

மூடியைப் பேரிங்கின்மேல் மாட்டியபின் ஓர் அழகிய விளைவைக் காணலாம். அதனைப் பிடித்துவைக்கத் திருகாணி எதுவும் வேண்டா. உறிஞ்சும் யந்திரம் ஓடத் தொடங்கியவுடன், வெளிக்காற்றே மூடியைப் பேரிங்கின்மேலும், அடைப்பைச் சுழல்தண்டினுள்ளும் அழுத்திவிடுகின்றது. கிண்ணத்தைப் பிடிக்கும் ஆற்றலே இணைப்பையும் பிடிக்கின்றது.

மூன்றாவது, முகப்புருளை. யந்திரத்தின் முகத்தட்டில் வட்டப்பலகை ஒன்றைப் பொருத்தி, அதன் நடுவே துளையிட்டு, அகன்ற பிளாஸ்டிக் குழாய்த்துண்டு ஒன்றை அதன்மேல் ஒட்டுக. விளிம்பை வட்டமாகக் கடைந்து, பழைய சைக்கிள் டியூப் ரப்பரை அதன்மேற் படியச் செய்க. இதுவே காற்றை அடைக்கும். மரத்தில் வடுவும் விழாது.

ரப்பர்க் குழாயின் நடுவே வெற்றிடமானியையும், காற்றுத் திறப்பானையும் இணைக்க. திறப்பானைச் சிறிது திறந்தால் வெளிக்காற்று புகுந்து பிடி தளரும். மெல்லிய பொருள்களுக்கு வேண்டிய அளவே பிடியை வைத்துக்கொள்ள இதுவே வழி. மரத்தூள் யந்திரத்தினுட் செல்லாதவாறு சிறு பஞ்சு வடிகட்டியும் வைத்தல் நன்று.

சோதனை

கருவி செய்தவுடன் கிண்ணத்தை மாட்ட விரையற்க. மூன்று படிகளாற் சோதிக்க. முதலில் ரப்பர்க் குழாயின் வாயை விரலால் மூடி மானியை நோக்குக. யந்திரத்தின் முழுத்திறன் இவ்வளவென அறியலாம். அடுத்து, இணைப்பை மாட்டி, உருளையின் வாயைக் கண்ணாடித் தட்டால் மூடுக. இப்பொழுது குறைந்த அளவு இணைப்பிலும் உருளையிலும் உள்ள ஒழுக்கு. இறுதியிற் கிண்ணத்தை வைக்க. மேலும் குறைந்த அளவு மரத்தின் ஒழுக்கு. இங்ஙனம் பிரித்து நோக்குவார்க்குக் குறை எங்கே உள்ளதென்பது தானே விளங்கும்.

பலா மரத்தின் துளைகள் கண்ணுக்கே புலப்படுவன. என் முதற் கிண்ணத்தில் மானியின் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. உட்புறத்தை முடித்து இருமுறை அரக்குப் பூச்சு கொடுத்தபின், முள் நூற்றுக்கு 70 என்னும் அளவில் நின்றது.

எச்சரிக்கை

இனி, என் பிழையையும் கூறுதல் கடமை. முதற் கிண்ணத்தின் அடியைக் கடைந்துகொண்டிருந்தபொழுது மின்சாரம் நின்றது. மோட்டாரும் உறிஞ்சும் யந்திரமும் ஒருங்கே ஓய்ந்தன. ஆனால் கனமான முகப்புருளை உடனே நிற்கவில்லை. காற்றோ நொடிப்பொழுதில் உள்ளே புகுந்தது. கிண்ணம் தெறித்துச் சுவரில் மோதி, விளிம்பிலே ஒரு விரலகலம் சிதைந்தது. என் முகத்திற்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கலாம். பிழை காற்றினுடையதன்று, அதனை நம்பிய அளவிற்கு அதன் இயல்பை எண்ணாத என்னுடையதே.

அன்று முதல் நான் கொண்ட விதிகள் இவை. உறிஞ்சும் யந்திரத்தை அடுத்து ஒருவழி அடைப்பானும், அதற்கும் இணைப்பிற்கும் இடையே காற்று நீக்கிய உறுதியான இரும்புக் கலம் ஒன்றும் வைத்தல் வேண்டும். மின்சாரம் நிற்பினும், லேத் ஓயும் அளவும் பிடி நிற்கும். எதிர்முனைத் தாங்கியைக் கூடியவரை அகற்றலாகாது. நடுவே எஞ்சும் சிறு குமிழைக் கடையும் கடைசி நிமிடத்தில் மட்டும் அகற்றுக. வேகம் குறைவாகவும், உளி கூர்மையாகவும், வெட்டு மெல்லியதாகவும் இருக்கட்டும். வெடிப்புள்ள மரத்தை இம்முறையிற் பிடிக்கவே கூடாது. முகமூடி இன்றி யந்திரத்தை அணுகற்க; சுழலும் கிண்ணத்திற்கு நேரே நில்லற்க.

எஞ்சிய மூன்று கிண்ணங்களும் வடுவின்றி முடிந்தன. அவற்றை உடன்பிறந்தார் மூவருக்கும் கொடுத்தேன். விளிம்பு சிதைந்ததை நானே வைத்துக்கொண்டேன். சிதைவைத் தேய்த்துச் செப்பமிட்டதால் அது மற்றவற்றினும் சிறிது தாழ்ந்து நிற்கின்றது. என் மேசைமீதுள்ள அதனைக் காணுந்தோறும் இரண்டு நினைவுகள் எழுகின்றன: ஒன்று, மரத்தை நட்டவருடைய கை, மற்றொன்று, கண்ணுக்குத் தோன்றாத காற்றின் கை.

மாணவர்காள்! டாரிசெல்லியின் 76 செ.மீ. பாதரசத்தை நீவிர் மனப்பாடம் செய்திருப்பீர். விடுமுறையிலே ஒரு பேரிங்கையும் இரு மரத்துண்டுகளையும் எடுத்துக்கொண்டு அதனைக் கையாலும் அறிந்துகொள்ளுங்கள். அங்ஙனம் அறிந்தது மறவாது.