துயரும் மின்கலமும்

இருதயத் துடிப்பைச் சீராக்கும் சிறு கருவியை மார்பில் தாங்கி வாழ்வோரை நாம் அறிவோம். அதனையொத்த கருவியொன்று மனச்சோர்வு நோயையும் தணிக்குமோ? கனடா தேசத்து டொரான்டோ நகரில், மருந்து முதலியவற்றால் குணமடையாத அறுவரிடத்து இதனைச் சோதித்த ஹெலன் மேபர்க், ஆண்ட்ரஸ் லொசானோ முதலிய வைத்தியர்கள், 2005-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். மண்டையோட்டில் துளையிட்டு, மூளையில் 25 என எண்ணிடப்பட்ட பகுதியினுள் மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, தோலின் கீழ் வைக்கும் மின்கலத்தோடு இணைப்பதே அம்முறை. நோயாளர் விழித்திருக்கையிலேயே மின்னோட்டம் விடப்பட்டது. உள்ளிருந்த வெறுமை அகன்றதென்றும், அறை ஒளிபெற்றதென்றும், நிறங்கள் துலங்கினவென்றும் அவர்கள் கூறினர். ஆறு திங்கள் கழித்தும் நால்வர் நலமுற்றிருந்தனர்.

இவ்வியப்பைக் கேட்டோர் பலரும் அவ்வளவில் நின்றுவிடுவர். யாமோ, அவர்கள் வீடு திரும்பிய பின்வரும் நாட்களையே கூர்ந்து நோக்கத்தக்கனவாகக் கருதுகின்றோம். பல்லாண்டு ஓரிருளிலேயே கிடந்தார்க்கு நலம் வருங்கால், மகிழ்ச்சியோடு சாதாரண வருத்தமும் உடன் மீள்கின்றது. நண்பர் ஒருவர் சுடுசொல் கூறினார், இரவு உறக்கமில்லை, காலையில் மனம் கனத்திருக்கின்றது. நமக்கு அஃது ஒருநாட் கவலை. அவர்க்கோ, நோய் மீண்டதோ, மின்கலம் தீர்ந்ததோ என்னும் பேரச்சம். அவ்வச்சம் வீணுமன்று. கலம் தீர்ந்தமையால் நோய் திரும்பினாரும் உளர். பழைய வகைக் கலமாயின், அதனை மாற்ற மீண்டும் கத்தி வைத்தல் வேண்டும். வீட்டாரும், அவர் சற்றே முகம் வாடினும், "கருவி ஓடுகின்றதா?" என வினவுவர். வருந்துவதற்கும் அநுமதி பெறவேண்டிய நிலை, பாவம்!

இச்சிகிச்சை யாவர்க்கும் பலித்ததென்று எண்ணற்க. அமெரிக்காவில் 90 பேரிடத்து நிகழ்ந்த பெருஞ்சோதனையில், ஆறு திங்கள் அளவில் மின்னோட்டம் பெற்றார்க்கும் பெறாதார்க்கும் தக்க வேற்றுமை தோன்றாமையால், அஃது இடையில் நிறுத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. ஆயினும் கருவியை நீக்க ஒருப்படாது தம்முடனேயே வைத்துக்கொண்டாரும் உண்டு. நலமுற்றவர்க்கு அதனை இழத்தல் எளிதோ?

2023-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, நாம் மேற்கூறிய அச்சத்தையே தொடுகின்றது. நோயாளர் சிலரின் மூளையிலெழும் மின்குறிகளை அக்கருவியாலேயே பதிவு செய்து, நோய்நிலைக்கும் நலநிலைக்குமுள்ள வேற்றுமையைக் கண்டனர். நோய் மீண்ட ஒருவரிடத்து, அஃது வெளிப்படத் தோன்றுவதற்கு ஏறக்குறைய ஒரு திங்கள் முன்னரே குறி மாறியிருந்தது. மனம் கனத்த காலையில் நோயாளர் கேட்கும் வினாவிற்கு, அக்குறியைப் பார்த்து, "இது வெறும் வருத்தமே" என்று வைத்தியர் விடை பகரும் நாளும் வரலாம்.