ஆழ்கடல் சங்கராவுக்கு அனுமதிச் சீட்டு: படகை எண்ணுவதா, நாளை எண்ணுவதா, மீனை எண்ணுவதா?

ஏரியில் தண்ணீர் வற்றும் காலத்தில் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை காத்திருந்தவர்கள் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஒரே நேரத்தில் உள்ளே இறங்குவார்கள். ஓரிரு மணி நேரத்தில் ஏரி காலி. இதனால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. கெண்டையும் கெளுத்தியும் அடுத்த மழைக்குப் பெருகிவிடும். ஆனால் ஐம்பது ஆண்டுகள் வாழக்கூடிய ஒரு கடல் மீனை இதே முறையில் பிடித்தால் என்ன ஆகும்? அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கரையில், டெக்சாஸ் முதல் புளோரிடா வரை விரிந்துள்ள மெக்சிகோ வளைகுடாவில் இது நடந்தது. அதைச் சரிசெய்ய அரசு ஒன்றன்பின் ஒன்றாக எழுதிய அனுமதிச் சீட்டுகளைப் பற்றியதே இக்கட்டுரை. தண்ணீரையும் நிலத்தையும் பங்கிட்டுப் பழகிய உழவர்களுக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய உண்டு.

மீனின் இயல்பு

நம்மூர்ச் சந்தையில் சங்கரா என்ற பெயரில் பல மீன்கள் விற்கப்படுகின்றன. இங்கே குறிப்பிடுவது செப்பிலி இனத்தைச் சேர்ந்த பெரிய சிவப்பு மீன். அங்கே இதனை ரெட் ஸ்நாப்பர் என்பார்கள். கரையிலிருந்து வெகு தூரத்தில், பாறைகளையும் எண்ணெய்க் கிணற்று மேடைகளின் கால்களையும் ஒட்டி, பெரும்பாலும் 30 மீட்டர் முதல் 100 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கூட்டமாக வாழ்கிறது. தூண்டிலில் எளிதாக மாட்டும். இடம் தெரிந்துவிட்டால் ஒரே பாறையில் நாள் முழுவதும் இழுக்கலாம்.

இம்மீன் இளம் வயதிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும் என்றாலும், முட்டையின் எண்ணிக்கை மீனின் பருமனைப் பொறுத்தது. பரவலாக எடுத்துக்காட்டப்படும் ஒரு கணக்குப்படி, 61 செ.மீ. நீளமுள்ள ஒரு தாய் மீன் இடும் முட்டைகள், 42 செ.மீ. நீளமுள்ள 212 மீன்கள் இடும் முட்டைகளுக்குச் சமம். ஆகவே பெரிய மீன்களை எல்லாம் பிடித்துவிட்டுச் சிறியவற்றை விட்டுவைப்பது, விதை நெல்லை விற்றுவிட்டுப் பதரைப் பத்தாயத்தில் சேர்ப்பது போன்றது. போதாக்குறைக்கு, இறால் பிடிக்கும் இழுவலைகளில் சங்காராக் குஞ்சுகள் ஏராளமாகச் சிக்கி மடிந்தன. குஞ்சுகள் தப்பிச் செல்லும் வழி அமைந்த வலைகளை 1998-ல்தான் வளைகுடா இறால் படகுகளுக்குக் கட்டாயமாக்கினார்கள்.

கிணற்றை எண்ணினார்கள், மோட்டாரை எண்ணவில்லை

1976-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கரையிலிருந்து 200 கடல் மைல் வரையுள்ள மீன்வளத்தை அமெரிக்க அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. வளைகுடாவின் பாறை மீன்களுக்கான திட்டம் 1984-ல் நடைமுறைக்கு வந்தது. 1990-ல் வணிகப் படகுகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் இவ்வளவுதான் சங்கரா பிடிக்கலாம் என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 1992-ல் புதிய படகுகளுக்கு அனுமதிச் சீட்டு வழங்குவது நிறுத்தப்பட்டது.

படகின் எண்ணிக்கையை நிறுத்தினால் மீன்பிடிப்பும் நிற்கும் என்று எண்ணினார்கள். அது நடக்கவில்லை. ஒரு ஊரில் இனிப் புதுக் கிணறு வெட்டக்கூடாது என்று தடை போட்டுவிட்டு, இருக்கும் கிணற்றில் எத்தனை குதிரைத் திறன் மோட்டார் வேண்டுமானாலும் மாட்டலாம் என்று விட்டால் நிலத்தடி நீர் என்ன ஆகும்? அதேதான் இங்கும் நடந்தது. அதே படகில் கூடுதல் தூண்டில் சுருள்கள், வலுவான எந்திரம், பாறையைக் காட்டும் கருவிகள் ஏறின. 1992-ல் ஆண்டு முழுமைக்கும் விதித்த அளவு 53 நாட்களில் தீர்ந்துவிட்டது.

பத்து நாள் ஓட்டம்

அடுத்ததாகப் பயண அளவைக் கட்டுப்படுத்தினார்கள். 1993 முதல் ஒரு பயணத்திற்கு 2,000 பவுண்டு (சுமார் 907 கிலோ) என்றும் 200 பவுண்டு (சுமார் 91 கிலோ) என்றும் இரு வகை ஏற்பட்டது. 1990 முதல் 1992 வரையிலான மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகளாவது 5,000 பவுண்டு பிடித்ததாகக் கணக்குக் காட்டியவர்களுக்குப் பெரிய அளவு கிடைத்தது. மற்றவர்களுக்குச் சிறிய அளவு. பின்னர் நாட்களையும் வகுத்தார்கள். மாதத்தின் முதல் 15 நாட்கள், பிறகு முதல் 10 நாட்கள் மட்டுமே சங்கரா பிடிக்கலாம். ஆண்டு அளவு தீர்ந்ததும் கடை மூடப்படும்.

கரையில் நின்று துண்டு வீசுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பத்து நாட்களில் புயற்காற்று வந்தாலும் படகு கிளம்பியே ஆக வேண்டும். கிளம்பாதவனுக்கு அந்த மாதம் கிடையாது. 2,000 பவுண்டு நிரம்பியதும் கரைக்கு ஓடி, இறக்கி, மீண்டும் ஓட வேண்டும். எரிபொருள் செலவு இரட்டிப்பு. எல்லாப் படகுகளும் ஒரே நாளில் துறைக்குத் திரும்பியதால் விலை சரிந்தது. அறுவடைக் காலத்தில் தக்காளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்ற இருபது நாட்களில் வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் சங்கரா மாட்டினால், அதைக் கடலிலேயே எறிந்துவிட வேண்டும் என்பது விதி. எறிந்த மீன் பிழைத்தால் சரி. பெரும்பகுதி பிழைக்கவில்லை என்பதைக் கீழே காண்போம்.

பங்கு முறை

படகோட்டிகளிடையே வாக்கெடுப்பு நடத்தி, 2007 ஜனவரி 1 முதல் புதிய முறை கொண்டுவரப்பட்டது. இதில் எண்ணப்படுவது படகும் அல்ல, நாளும் அல்ல, மீன். ஒவ்வொருவரும் முன்பு பிடித்த கணக்கைப் பார்த்து, மொத்த அளவில் இத்தனை சதவீதம் என்று பங்கு எழுதிக் கொடுத்தார்கள். எடுத்துக்காட்டாக, ஓராண்டின் மொத்த அளவு 20 லட்சம் கிலோ, ஒருவருடைய பங்கு 0.1 சதவீதம் என்றால், அவர் அந்த ஆண்டில் 2,000 கிலோ பிடிக்கலாம். தை மாதம் பிடிப்பதோ ஐப்பசியில் பிடிப்பதோ அவர் விருப்பம். மீன்வளம் பெருகி மொத்த அளவு 30 லட்சம் கிலோவானால் அவர் பங்கும் 3,000 கிலோவாகும். ஆற்றில் வரும் தண்ணீருக்குத் தக்கபடி மடை திறப்பது போன்ற ஏற்பாடு இது.

கண்காணிப்பும் கடுமையாயிற்று. படகு எங்கே நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள் மூலம் தெரிவிக்கும் கருவி கட்டாயம். கரை சேருவதற்குக் குறைந்தது 3 மணி நேரத்திற்கு முன் எந்த இடத்தில், எவ்வளவு மீனுடன் வருகிறோம் என்று தெரிவிக்க வேண்டும். ஒப்புதல் பெற்ற துறையில்தான் இறக்கலாம். உரிமம் பெற்ற வியாபாரி எடை போட்டதும், அந்த எடை மீனவரின் கணக்கிலிருந்து கழிக்கப்படும். இதை நடத்தும் செலவுக்காக மீன் விலையில் 3 சதவீதம் வரை மீனவரிடமே பிடிக்கப்படும். ஒருவர் கையில் 6 சதவீதத்திற்குச் சற்று மேல் பங்கு சேரக்கூடாது என்ற உச்சவரம்பும் உண்டு.

ஓட்டம் நின்றது. ஆண்டு முழுவதும் மீன் வந்தது, விலை நிலைபெற்றது. வணிகப் படகுகளுக்கும் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோருக்கும் சேர்த்து முன்பு 91.2 லட்சம் பவுண்டாக (சுமார் 41 லட்சம் கிலோ) இருந்த ஆண்டு அளவு, 2008-ல் 50 லட்சம் பவுண்டாகக் (சுமார் 23 லட்சம் கிலோ) குறைக்கப்பட்டது. மீன் பெருகப் பெருக உயர்த்தி, 2019-ல் 151 லட்சம் பவுண்டு (சுமார் 68 லட்சம் கிலோ) வரை அனுமதித்தார்கள். இந்தப் பெருக்கம் முழுவதையும் பங்கு முறையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அதே காலத்தில் இறக்குமதி இறாலின் விலைப் போட்டியாலும் எரிபொருள் விலையாலும் 2005-ம் ஆண்டுப் புயல்களாலும் இறால் படகுகள் பெருமளவு குறைந்துபோயின; குஞ்சுகள் பிழைத்தன. மொத்த அளவைத் துணிந்து வெட்டியதும் ஒரு காரணம்.

ஆனால் ஓட்டத்தை நிறுத்தியது பங்கு முறைதான் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களைப் பங்கு முறையில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு நாள் கணக்குதான் நீடித்தது. கடலில் மீன் பெருகிவந்த அதே காலத்தில், 2014-ல் அவர்களுக்குக் கிடைத்த மீன்பிடி காலம் 9 நாட்கள்!

கடலுக்குப் போகாத மீனவர்

இனிதான் சிக்கலான பகுதி. பங்கை விற்கலாம், அந்தந்த ஆண்டின் அளவை மட்டும் குத்தகைக்கும் விடலாம் என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். முதல் 5 ஆண்டுகள் பாறை மீன் அனுமதிச் சீட்டு உள்ளவர்கள்தான் பங்கை வாங்கலாம். 2012 முதல் அந்தக் கட்டுப்பாடும் நீங்கியது. படகு இல்லாதவரும் பங்கு வாங்கலானார்.

பங்கு பெற்றவர்களில் சிலர் படகை விற்றுவிட்டு வீட்டிலிருந்தபடியே குத்தகை வாங்கினார்கள். குத்தகைக்கு எடுத்தவர், மீன் விற்ற விலையில் பாதிக்கு மேல் பங்குக்காரருக்குக் கொடுக்கும் நிலை வந்தது. மீதியில்தான் எரிபொருள், பனிக்கட்டி, தூண்டில் இரை, ஆள் கூலி எல்லாம். நிலச்சுவான்தாருக்கு வாரம் அளந்துவிட்டுக் களத்தில் நின்றவரின் நிலைதான் இது. பல ஆண்டுகள் படகில் உழைத்த கூலி மீனவர்களுக்குத் தொடக்கத்தில் பங்கே இல்லை. கணக்கு சீட்டுக்காரரின் பெயரில்தானே இருந்தது! இன்று புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞன் படகும் வாங்க வேண்டும், பங்கும் வாங்க வேண்டும்.

இன்னொரு குறையும் பிறகே தெரிந்தது. மீன் பெருகியதும் அது கிழக்கே புளோரிடாப் பக்கம் பரவியது. அங்கே கலவா மீன் பிடிப்பவர்களின் பழைய கணக்கில் சங்கரா மிகக் குறைவு; எனவே பங்கும் குறைவு. இப்போது அவர்கள் தூண்டிலில் சங்கரா மாட்டுகிறது. குத்தகைக்கு எடுக்க வேண்டும், அல்லது எறிய வேண்டும். பழைய அடங்கலைப் பார்த்துப் பாத்தியதை எழுதினால் ஆறு திசை மாறும்போது இப்படித்தான் ஆகும்.

ஹவாயில் எழுதிய வேறு சீட்டு

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுகளைச் சுற்றி இன்னும் ஆழத்தில், 100 மீட்டர் முதல் 400 மீட்டர் வரை, ஒபகபகா, ஒனாகா முதலிய செப்பிலி இன மீன்கள் உள்ளன. ஒபகபகா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழும். ஆள் நடமாட்டமற்ற வடமேற்குத் தீவுகளுக்கு 1980-களின் கடைசியில் தொடங்கி, பகுதி பகுதியாக, எண்ணிக்கை வரையறுத்து அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். அங்கே ஹோமாலு என்ற தொலைதூரப் பகுதியில் சீட்டை விற்க முடியாது. ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவாவது மீன் பிடித்து இறக்கினால்தான் சீட்டு புதுப்பிக்கப்படும். தொழிலை விட்டவரின் சீட்டு அரசுக்கே திரும்பும்.

இதிலும் குறை உண்டு. வயதான மீனவர் சீட்டை விற்று ஓய்வு பெற முடியாது. மீன் குறைந்த ஆண்டிலும் சீட்டைக் காப்பாற்றுவதற்காகவே அவ்வளவு தூரம் போய்வர வேண்டும். ஆயினும், உழுபவனுக்கே நிலம் என்று பேசிப் பழகிய நமக்கு இதில் ஒரு நியாயம் தெரிகிறது. பங்கு முறையையும் இதையும் சேர்த்து, மீனை எடைபோட்டுப் பங்கு கொடு, ஆனால் படகில் போகிறவருக்கு மட்டும் கொடு என்று எழுதினால் என்ன என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். மெக்சிகோ வளைகுடாவில் இப்போது அப்படி மாற்றுவது எளிதல்ல. பெருந்தொகை கொடுத்துப் பங்கு வாங்கியவர்கள் விடமாட்டார்கள். முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். ஹவாய் வடமேற்குத் தீவுகளைப் பொறுத்தவரை, 2006-ல் அப்பகுதி பாதுகாக்கப்பட்ட கடலாக அறிவிக்கப்பட்டு, சீட்டு வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு கொடுத்து மீன்பிடிப்பு முடித்துவைக்கப்பட்டது.

சிறிய மீனைத் திருப்பி விடுதல்

சீட்டில் வழக்கமாக எழுதப்படும் மற்றொரு நிபந்தனை, குறைந்தபட்ச நீளம். ஏரியில் இது பயன் தரும். ஆழ்கடலில் அப்படியே எழுதுவது தவறு. ஆழத்திலிருந்து மேலே இழுக்கும்போது நீரின் அழுத்தம் குறைந்து, மீனின் காற்றுப்பை உப்பிவிடுகிறது. இரைப்பை வாய் வழியாகப் பிதுங்கும், கண்கள் புடைக்கும். சிறியது என்று எறிந்தால் மீன் கீழே போக முடியாமல் மேற்பரப்பில் மிதக்கும். பறவைகளும் பெரிய மீன்களும் கொத்திக்கொண்டு போகும். இதை உணர்ந்துதான் 2007-ல் வணிகப் படகுகளுக்கான குறைந்தபட்ச நீளத்தை 15 அங்குலத்திலிருந்து 13 அங்குலமாகக் குறைத்தார்கள். எப்படியும் சாகும் மீன், கணக்கில் ஏறிக் கரைக்கு வரட்டும் என்பது இதன் நோக்கம். எறிய வேண்டிய மீனை எடை கட்டிய கவ்வி ஒன்றில் மாட்டி ஆழத்திற்கு இறக்கி விடுவித்தால் காற்றுப்பை மீண்டும் சுருங்கி, மீன் நீந்திச் செல்ல வாய்ப்பு உண்டு. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், இத்தகைய இறக்கு கருவியையோ, காற்றை வெளியேற்றும் ஊசியையோ தூண்டில் போடும்போது கைக்கெட்டும் இடத்தில் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று வளைகுடாப் படகுகளுக்கு விதித்தது.