தாத்தாவின் வெள்ளணுக்கள்

அன்புள்ள யாழினி,

தாத்தாவின் ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் 80,000 என்று வந்திருக்கிறதே, நமக்கெல்லாம் 11,000-க்குள்தானே இருக்கும், இவ்வளவு இருந்துமா சளிக்காய்ச்சலுக்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டிருந்தாய். சரியான கேள்வி.

அவருக்கு வந்திருப்பது சி.எல்.எல். எனும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். அதில் கெட்டுப்போய்ப் பெருகுவது பி செல்கள். வைரஸை மடக்கும் ஆன்டிபாடிகள் உருவாவதே அந்த இனத்திலிருந்துதான். கெட்ட செல்கள் எத்தனை பெருகினாலும் அந்த வேலையைச் செய்வதில்லை, நல்லவற்றையும் செய்யவிடுவதில்லை. போதாததற்கு, ரிடுக்ஸிமாப் போன்ற மருந்துகள் மிச்சமிருக்கும் நல்ல பி செல்களையும் அழித்துவிடும். உனக்கு நாலு நாளில் போகிற ஃப்ளூ அவருக்கு நிமோனியாவாக முற்றுவது இப்படித்தான்.

தடுப்பூசி போட்டாலும் முழுப் பலன் கிடைப்பதில்லை. கொரோனா சமயத்தில், 2021-இல், இஸ்ரேலில் ஃபைசர் ஊசி இரண்டு தவணை போட்ட 167 சி.எல்.எல். நோயாளிகளைச் சோதித்தார்கள். பத்தில் நான்கு பேருக்குத்தான் ஆன்டிபாடி உருவாகியிருந்தது. சிகிச்சையில் இருந்தவர்களில் 16 சதவீதம் பேருக்கே. அதற்காகத் தாத்தா ஊசியைத் தவிர்க்கக் கூடாது. உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள்தான் அவருக்கு ஆகாது. வீட்டில் மற்ற எல்லோரும் வருடாவருடம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வதை நான் அவருடைய சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நினைக்கிறேன்.

வெளியிலிருந்து வரும் வைரஸ் மட்டுமல்ல, உடம்பிலேயே பதுங்கியிருப்பதும் உண்டு. ரிடுக்ஸிமாப் தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி சோதனை செய்வது அதனால்தான். இன்னொன்று அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு வேர்களில் தங்கிவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் எழும். முதலில் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் எரியும், குத்தும். கொப்புளம் பிறகுதான் பட்டையாக வரும். பாட்டி உடனே காவி குழைத்து அக்கி எழுதக் கூட்டிப்போவார். அவருடைய நம்பிக்கையை நீ குறை சொல்லாதே. ஆனால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போக வை. கொப்புளம் கண்டு 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன். தாத்தாவைப் போன்றவர்களுக்கு அக்கி உடம்பெங்கும் பரவலாம். கண்ணருகே வந்தால் அன்றைக்கே டாக்டர் பார்த்தாக வேண்டும்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதே. நடு ராத்திரியானாலும் அவருடைய டாக்டருக்குப் போன் செய், அப்புறம் எனக்கு.

அன்புடன்,
அத்தை