தானே சூட்டிக்கொண்ட பட்டம்

சிரஞ்சீவி மருமகனுக்கு மாமா எழுதும் ஆசீர்வாதம்.

நீ அனுப்பிய விசிட்டிங் கார்டு கிடைத்தது. உத்தியோகத்தை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கிய உன் தைரியத்தை மெச்சுகிறேன். ஆனால், ஒற்றை அறையில், ஒரு கம்ப்யூட்டரும் ஓர் அளவு நாடாவும் வைத்துக்கொண்டு, தனியொருவனாக வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கும் நீ, உன் பெயருக்குக் கீழே ‘மானேஜிங் டைரக்டர்’ என்றும் ‘சீஃப் ஆர்க்கிடெக்ட்’ என்றும் பொன்னெழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்ட பிறகு, மூத்தவன் என்ற உரிமையில் இரண்டொரு வார்த்தை சொல்லாமலிருக்க மனம் இடங்கொடுக்கவில்லை.

முதலாவது, சட்ட விஷயம். 1972ஆம் வருஷத்து ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, ஆர்க்கிடெக்ட் கவுன்சிலில் பதிவு பெறாதவர் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளலாகாது. சிவில் இன்ஜினீயரான நீ வரைபடம் போடுவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. பெயரைத்தான் தடுக்கிறது என்று 2020இல் சுப்ரீம் கோர்ட்டும் தெளிவுபடுத்திவிட்டது. தொழிலுக்கு இல்லாத தடையைப் பட்டத்துக்காக வலிய வரவழைத்துக்கொள்வது விவேகமன்று.

மானேஜிங் டைரக்டர் என்பவரோ, பதிவான கம்பெனி ஒன்றின் டைரக்டர்களுள் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டவர். உன்னிடம் கம்பெனியும் இல்லை, டைரக்டர்களும் இல்லை. செக்கில் நீ குத்தும் ரப்பர் ஸ்டாம்பில் ‘புரொப்ரைட்டர்’ என்றுதான் இருக்கிறது. கார்டு ஒன்று சொல்லச் செக் வேறொன்று சொன்னால், ஆயுட்காலச் சேமிப்பை எடுத்துக்கொண்டு வீடு கட்ட வருகிறவர் எதை நம்புவார்? மானேஜிங் டைரக்டரே மனையில் குனிந்து நாடாவின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையை வீட்டுக்காரர் கையிலேயே கொடுக்கும்போது, அவர் உதட்டில் எழும் புன்னகையை நீ கவனிக்காமல் போகலாம். அவர் அந்தக் கார்டை மறக்கமாட்டார்.

உள்ளதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதே நான் வற்புறுத்துவது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி கடன்பட்டால், பங்குதாரரின் பொறுப்பு சாதாரணமாக அவர் போட்ட பங்குத் தொகையோடு நின்றுவிடும். புரொப்ரைட்டர் பட்ட கடனுக்கு அவனுடைய சொந்த வீடும் நிலமும் பதில் சொல்லியாக வேண்டும். ஆகையால், உரிமையாளன் என்று கையெழுத்திடுகிறவன், பிழை நேர்ந்தால் தானே ஜவாப்தாரி என்று பிரதிக்ஞை செய்கிறான். டைரக்டர் ராஜினாமா செய்யலாம். உரிமையாளனால் அது முடியாது.

எனவே, மிச்சமிருக்கும் கார்டுகளை ஒதுக்கிவிட்டு, பெயர், படிப்பு, ‘கட்டடப் பொறியாளர், உரிமையாளர்’, தொலைபேசி எண், இவ்வளவு மட்டும் புதிதாக அச்சடித்துக்கொள். தொழில் பெருகிக் கம்பெனி பதிவாகும் நாள் வந்தால், அன்றைக்கு டைரக்டர் என்று தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். நானே முதல் கார்டைக் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் மாமா