புது வீட்டில் இணைய இணைப்பு

வீடு மாறியதும் பிள்ளைகளின் படிப்பும் கல்வி உதவித்தொகை விண்ணப்பமும் இணையத்துக்காகக் காத்து நிற்கும். அந்த அவசரத்தில் ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட வேண்டாம்.

முதலில் அக்கம்பக்கத்தில் விசாரிப்போம்: அந்தத் தெருவில் எந்த இணைப்பு தடையின்றி வருகிறது? முதல் மாதம் மட்டும் கட்டிப் பார்ப்போம். விளம்பரத் தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்துள்ளதா என்றும் கேட்போம். 40 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 5 மெகாபைட்தான் இறங்கும். பிள்ளைகளின் வகுப்புக்கு அதுவே தாராளம்.

ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒதுக்காமல், வீட்டின் நடுவே உயரத்தில் வைப்போம். கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுவோம்.

பழைய வீட்டு இணைப்பை எழுத்துமூலம் நிறுத்தி, கருவியை ஒப்படைத்து ரசீது பெறுவோம். முன்பணத்தைத் திரும்பக் கேட்க அந்த ரசீதே நமக்குச் சான்று.