மிதவைப் பங்கும் விலை ஆட்டமும்

(மூன்றாம் ஆண்டு, வணிகவியல்)

மலைப்பாதையில் மண் சரிந்து லாரிகள் நிற்கும் நாளில் மண்டியில் கேரட் விலை என்ன ஆகும் என்பதை நம் மாவட்டத்தார்க்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வரத்துக் குறைந்த இடத்தில் ஒரே ஒரு வியாபாரியின் அவசரமும் விலையை உயர்த்திவிடும். பங்குச் சந்தையிலும் இதுவே நடக்கிறது.

மிதவைப் பங்கு என்றால் என்ன? நிறுவனத்தைத் தோற்றுவித்தோர் வைத்திருக்கும் பங்குகள் பெரும்பாலும் பெட்டியிலேயே உறங்குகின்றன. அவை போகப் பொதுமக்களிடையே கைமாறக் கூடியவையே மிதவைப் பங்குகள்.

இதற்குச் சான்று நம் மலையிலேயே உண்டு. குன்னூர் கட்டேரி எஸ்டேட்டை உடைய நீலமலை ஆக்ரோ இண்டஸ்ட்ரீஸின் மொத்தப் பங்குகளே ஏறத்தாழ ஆறேகால் லட்சந்தான். அவற்றிலும் பாதிக்கு மேல் தோற்றுவித்த குழுமத்திடம் உள்ளன. டாடா கன்ஸ்யூமர் நிறுவனத்தின் பங்குகளோ நூறு கோடியை நெருங்குகின்றன.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு சிறு நிறுவனத்தின் பங்கு 400 ரூபாய்க்கு விற்கிறது. அவ்விலைக்கு 20 பங்குகளும், 410க்கு 15 பங்குகளும், 430க்கு 25 பங்குகளும் விற்பனைக்கு நிற்கின்றன. ஒருவர் உடனே 60 பங்குகள் கேட்டால் கடைசிப் பங்கை 430க்கே பெறுவார். விலை ஏழரை சதவீதம் ஏறிவிட்டது! நிறுவனம் ஒரு கிலோ தூளாவது கூடுதலாக விற்றதா? இல்லை. விற்பவர் அவசரப்பட்டால் விலை இதே வேகத்தில் இறங்கும்.

தேயிலைத் தொழிற்சாலையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா, இத்தகைய ஒரு நிறுவனத்தில் 500 பங்குகள் வாங்கினார். விலை ஏறியது, வீடே மகிழ்ந்தது. அக்காளின் திருமணத்திற்காக விற்க முனைந்தபோது வாங்குவார் இல்லை. நாள்தோறும் விலை அனுமதிக்கப்பட்ட கீழ் எல்லையைத் தொட்டு நின்றது. முடிவில் வாங்கிய விலைக்கும் குறைவாகவே விற்றார். சந்தையில் காணும் விலை, கடைசியாக விற்றவர் பெற்ற விலை. அடுத்து விற்பவருக்கு அது உறுதியன்று என்பதை அன்று உணர்ந்தேன்.

இதை உணர்ந்தே சென்செக்ஸ் குறியீடு 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் மிதவைப் பங்கு அடிப்படைக்கு மாற்றப்பட்டது. பட்டியலிட்ட தனியார் துறை நிறுவனங்களில் குறைந்தது 25 சதவீதப் பங்கு பொதுமக்களிடம் இருக்க வேண்டுமென 2010இல் விதி செய்யப்பட்டது. ஆயினும் ஆறு லட்சத்தில் கால் பங்கு ஒன்றரை லட்சமே அல்லவா?

ஆகவே நண்பர்களே, சிறு நிறுவனப் பங்கை வாங்குமுன் மொத்தப் பங்குகள் எத்தனை, தோற்றுவித்தோரிடம் எத்தனை, நாள்தோறும் கைமாறுபவை எத்தனை என்னும் மூன்றையும் பாருங்கள். ஏறும் வழியைப் பார்க்குமுன் இறங்கும் வழியைப் பார்ப்பது மலைவாழ் நமக்குப் புதிதன்று.